முதியோரின் உடல் நலிவை அளக்க ஒரு படிவம்: எத்தனை புள்ளியில் கோடு போடுவது?

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது: கொழும்பில் ஒரு முதியோர் சங்கத்துக்கு வருகிற அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் யாருடைய உடம்பு தளர்ந்துகொண்டு போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க, உங்கள் குழு இருபது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்திருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு புள்ளி. எத்தனை புள்ளி வந்தால் ஒருவரை நலிவுற்றவர் என்று எடுத்துக்கொள்ளலாம், எட்டா பத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டு என்றோ பத்து என்றோ யாராவது ஒரு எண்ணைச் சொன்னாலும் உங்கள் கவலை தீரப் போவதில்லை. அந்தப் புள்ளியை நம்பி ஒரு முதியவரைப் பற்றி முடிவெடுக்கலாமா, அந்த நம்பிக்கையை எப்படிச் சம்பாதிப்பது என்பதுதான் கேள்வியின் அடியில் இருக்கிறது. அதற்கே பதில் எழுதுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். வயது போனவர்களோடுதான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. இப்படியான அளவுகோல்களைத் தமிழில் சோதித்துப் பார்க்கும் வேலைகளிலும் இருந்திருக்கிறேன். புள்ளிவிபரக் கணக்கின் ஆழமான பகுதிகளுக்கு உங்களுக்கு வேறொருவர் தேவைப்படுவார். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

எதை அளக்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். வெள்ளவத்தையில் ஒரே மாடிக்கட்டடத்தில் இரண்டு அம்மாமார் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் எழுபத்துநாலு வயது, இரண்டு பேருக்கும் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கின்றன, ஒரே கிளினிக்கில் கிட்டத்தட்ட ஒரே குளிசைகளைத்தான் எடுக்கிறார்கள். ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து இரண்டு பேரையும் நாலு நாள் படுக்கையில் போடுகிறது. ஒருவர் அடுத்த வாரமே மரக்கறி வாங்கக் கீழே இறங்கிவிடுகிறார். மற்றவர் சுவரைப் பிடிக்காமல் கழிவறைக்குப் போக முடியாமல் நிற்கிறார். ஒரு மாதம் கழித்தும் பழைய நிலைக்கு வரவில்லை, இடையில் ஒருதரம் விழுந்தும் விட்டார். காய்ச்சலுக்கு முன்னால் கேட்டிருந்தால் இரண்டு பேரும் "நல்லா இருக்கிறன்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். உடம்பின் கையிருப்பு ஒருவரிடம் இருந்தது, மற்றவரிடம் யாருக்கும் தெரியாமல் கரைந்துபோயிருந்தது. நலிவு என்பது அந்தக் கரைந்த நிலை. காய்ச்சல் வருவதற்கு முன்னாலேயே இந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்டினால்தான் ஒரு படிவத்துக்குப் பயன் உண்டு.

இதை வைத்துக்கொண்டு உங்கள் இருபது கேள்விகளைத் திரும்பப் பாருங்கள். குளிக்க உதவி தேவையா, உடுப்பு மாற்ற உதவி தேவையா, சாப்பாடு ஊட்டிவிட வேண்டுமா என்று ஐந்து கேள்விகள் இருக்கின்றன. இவை நல்ல கேள்விகள்தான். ஆனால் இவை அளப்பது அன்றாட வேலையில் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையை. அங்கே வந்து சேர்ந்தவரைக் கண்டுபிடிக்கப் படிவமே தேவையில்லை, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்னும் நாலு கேள்விகள் என்னென்ன வருத்தம் இருக்கிறது என்று கேட்கின்றன. பல வருத்தங்கள் இருப்பதும் நலிவும் சேர்ந்து வருவது வழக்கம், என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. ஐந்து வருத்தங்களோடு காலிமுகத்திடலில் தினமும் காலையில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நலிவை அளக்கிற முயற்சிகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றிலிருந்து கிளைத்தவை. இரண்டும் 2001 இல் வெளிவந்தன. அமெரிக்காவில் லிண்டா ஃபிரீட் குழுவினர், இதய நோய் பற்றிய ஒரு பெரிய ஆய்வில் இருந்த 65 வயதுக்கு மேற்பட்ட ஐயாயிரத்துச் சொச்சம் பேரின் தரவை வைத்து ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள்: தானாக எடை குறைதல், களைப்பு, கைப்பிடி வலு குறைதல், நடை மெதுவாதல், உடல் உழைப்பு குறைதல். மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் நலிவு, ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவுக்கு முந்திய நிலை. அதே ஆண்டு கனடாவில் மிட்னிட்ஸ்கி, ரொக்வூட் குழுவினர் வேறு வழியில் போனார்கள். ஒரு மனிதரிடம் சேர்ந்துவிட்ட குறைகளை எண்ணி (வருத்தங்கள், இயலாமைகள், பரிசோதனை முடிவுகள் எல்லாம் சேர்த்து) மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பார்ப்பது அவர்கள் முறை. அதற்குக் குறைந்தது முப்பது விடயங்களாவது வேண்டும். நீங்கள் செய்திருப்பது தெரியாமலேயே இந்த இரண்டாவது வழியின் குட்டி வடிவம். உங்கள் கடிதத்தில் "உடல் நலிவு" என்று திரும்பத் திரும்ப வருகிறது. அப்படியானால் உங்களுக்கு நெருக்கமானது முதல் வழி. இரண்டையும் கலந்து ஒரு படிவம் செய்யும்போதுதான் பத்துப் புள்ளி எதைக் குறிக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: புதிதாக ஒன்றை உருவாக்காதீர்கள். உலகத்தில் ஏற்கெனவே பல டசின் நலிவு அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் பல ஒருதரம் வெளியிடப்பட்டதோடு சரி, வேறு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்கப்பட்ட ஒன்றை எடுத்து, எங்கள் ஆட்களுக்குப் பொருந்தும்படி மாற்றி, மாற்றிய பிறகும் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதே உங்கள் சங்கத்தின் அளவுக்குச் சரியான வேலை. அதுவும் சின்ன வேலை இல்லை. ஐந்தே கேள்விகள் கொண்ட 'ஃபிரெயில்' அளவுகோல் (களைப்பு, படி ஏறுதல், நடத்தல், வருத்தங்கள், எடை குறைவு) தொடங்குவதற்கு நல்ல இடம். ரொக்வூட் குழுவின் ஒன்பது படி மருத்துவ நலிவு அளவுகோலும் பெயர் பெற்றது. ஆனால் அதைப் பயன்படுத்துகிறவர் முதியவரைப் பற்றிப் போதிய விபரம் கேட்டறிந்து தீர்மானிக்க வேண்டும் என்பதால் பயிற்சி இல்லாத தொண்டர்களிடம் கொடுக்க நான் தயங்குவேன்.

பொருந்தும்படி மாற்றுவது என்றால் வசனங்களைத் தமிழாக்கி விடுவதோடு முடிவதில்லை. ஃபிரீட் குழுவினர் உடல் உழைப்பை அளந்த கேள்விக்கொத்தில் புல்வெட்டுதல், கோல்ஃப், டென்னிஸ், பௌலிங், மலையேற்றம் எல்லாம் இருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மாவிடம் இவற்றைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்பார். புள்ளிக் கணக்கில் அவர் அசையாமல் இருக்கிறவர் ஆகிவிடுவார். அவரோ காலையில் எழுந்து தேங்காய் துருவி, முற்றம் கூட்டி, கையால் உடுப்புத் தோய்த்து, சந்தைக்குப் போய்ப் பையோடு பஸ் ஏறி வந்திருப்பார். வீட்டு வேலையைச் சரியாகக் கணக்கில் எடுக்காத கேள்வி எங்கள் பெண்களை எல்லாம் நலிந்தவர்களாகக் காட்டும். மாறாக, ஓய்வு பெற்று வீட்டில் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கும் ஐயாமாருக்கு "தினமும் நடப்பேன்" என்ற ஒரு பதிலே போதுமானதாகிவிடும்.

படி ஏறுவதும் அப்படித்தான். பத்துப் படி ஓய்வெடுக்காமல் ஏற முடியுமா என்று கேட்பது வழக்கம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிவீடுகளில் இருக்கும் பலர் வருடக்கணக்காகப் படியே மிதித்திருக்க மாட்டார்கள், எல்லாம் லிஃப்ட். அவர்கள் "ஓம், ஏறுவேன்" என்பது நினைப்பு மட்டுமே. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என்ன என்று பல குடும்பங்களுக்குத் தெரியவந்தது. ஆகவே "முடியுமா" என்று கேட்காமல், கடைசியாக எப்போது ஏறினீர்கள், எத்தனை மாடி, இடையில் நின்றீர்களா என்று கேளுங்கள். நடக்கிற தூரத்தையும் மீற்றரில் கேட்டுப் பயனில்லை. காலி வீதியிலிருந்து கடற்கரை வரை உங்கள் ஒழுங்கையால் நடப்பீர்களா என்று கேட்டால் உடனே பதில் வரும். ஆனால் எல்லா ஒழுங்கையும் ஒரே நீளம் இல்லை. எந்தத் தூரத்தைப் படிவத்தில் போடுகிறீர்களோ அதை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எடை குறைவு மிக முக்கியமான அடையாளம். ஃபிரீட் குழுவின் கணக்கில் ஒரு வருடத்தில் தானாக நாலரைக் கிலோ அல்லது ஐந்து சதவீதம் குறைந்திருக்க வேண்டும். போன வருடம் எத்தனை கிலோ இருந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. சீனி, பிரஷர் கிளினிக்குக்குப் போகிறவர்களின் கொப்பியில் எடை எழுதப்பட்டிருக்கக்கூடும். அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொப்பி இல்லாதவரிடம், போன வருடம் சரியாக இருந்த சட்டை இப்போது தளர்ந்திருக்கிறதா, காப்பு கையில் கழன்று வருகிறதா என்று கேட்கலாம். இது கிலோவுக்கு ஈடாகாது, கேள்வியைத் திறக்க உதவும். சங்கத்தில் ஒரு நல்ல தராசு வாங்கி மூன்று மாதத்துக்கு ஒருதரம் எல்லோரையும் நிறுத்து எழுதி வைத்தால், அடுத்த வருடம் இந்தக் கேள்வியே தேவைப்படாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், பதில் சொல்கிறவர் யார் என்பது. மகளோ மருமகளோ பக்கத்தில் இருந்தால் அம்மா வாய் திறக்க முதல் அவர்கள் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள். பிள்ளைகள் எல்லோரும் கனடாவிலும் லண்டனிலும் இருக்க இங்கே தனியாக இருப்பவர்கள் நேர்மாறு. ஏலாது என்று சொன்னால் செய்தி வட்ஸ்அப்பில் பிள்ளைக்குப் போகும், பிள்ளை தன்னை முதியோர் இல்லத்தில் விடப் பார்க்கும் என்ற பயத்தில் எல்லாம் முடியும் என்பார்கள். இந்தப் பயம் நியாயமானது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கேள்விகளை மட்டும் நம்பியிருக்கிற ஒரு படிவம் இங்கே ஏமாறும். அதனால்தான் குறைந்தது ஒரு காரியத்தையாவது உங்கள் கண்முன்னால் செய்ய வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

என்னிடம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கதிரையிலிருந்து எழும்புவதைத் தேர்ந்தெடுப்பேன். கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழுந்து உட்கார வேண்டும், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. கதிரை கைப்பிடி இல்லாததாக, 43 சென்ரிமீற்றர் அளவு உயரமாக, சுவரோடு முட்டியபடி இருக்க வேண்டும். சங்கங்களில் அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் கதிரை வேண்டாம். அது வளையும், வழுக்கும். நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். கையைக் கட்டச் சொன்னதும் ஒருவர் தன்னையறியாமல் கையைத் தொடையில் ஊன்றுவார். ஒருவர் எழும்ப முதல் இரண்டு மூன்று தரம் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடி உந்து எடுப்பார். ஒருவர் எழும்புவார், ஆனால் உட்காரும்போது கால் தாங்காமல் தொப்பென்று விழுவார். நாலாவது தரத்தில் முகம் மாறும். இவை எல்லாம் தொடைத் தசை என்ன சொல்கிறது என்பதன் சாட்சியங்கள். அவற்றை எழுதப் படிவத்தில் ஒரு வரி இடம் விடுங்கள். செய்கிறவருக்கு அருகில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். அண்மையில் இடுப்பு எலும்பு முறிந்தவர், நெஞ்சு நோ உள்ளவர், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறவர் ஆகியோரிடம் இதைச் செய்யவே கூடாது.

இரண்டாவது, நடை. நாலு மீற்றரைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்து, வழமையான வேகத்தில் நடக்கச் சொல்லிப் போனில் நேரம் எடுங்கள். நின்ற இடத்திலிருந்து தொடங்குவதா, ஒரு மீற்றர் முன்னாலிருந்தே நடந்து வந்து கோட்டைத் தாண்டுவதா என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு எண்களைத் தரும். ஒன்றைத் தெரிந்து, எல்லோருக்கும் எப்போதும் அதையே செய்யுங்கள். செருப்போடா வெறுங்காலோடா என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். வார் இல்லாத ரப்பர் செருப்பு நடையைக் கெடுக்கும். கைப்பிடி வலுவை அளக்க ஜாமர் போன்ற கருவி வேண்டும், விலை கூடியது, அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும். ஒரு பிசியோதெரபி பிரிவோடு தொடர்பு இருந்தால் இரவல் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இந்த அளவைகள் எதிர்காலத்தைச் சொல்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2011 இல் வெளிவந்த ஒரு தொகுப்பு ஆய்வு ஒன்பது ஆய்வுகளில் இருந்த 34,485 முதியோரின் நடைவேகத்தைப் பார்த்தது. வேகம் கூடக்கூட உயிர்வாழும் வாய்ப்பும் கூடியது. பதினேழு நாடுகளில் நடந்து 2015 இல் வெளியான ஆய்வில் கைப்பிடி வலு ஐந்து கிலோ குறைய இறப்பு ஆபத்து 16 சதவீதம் கூடியிருந்தது. ஆகவே மெதுவானவர், வலுக் குறைந்தவர் கூடிய ஆபத்தில் இருக்கிறார் என்பது உறுதி.

உறுதியில்லாதது, கோட்டை எங்கே போடுவது என்பது. கதிரைப் பரிசோதனைக்கே உலக சுகாதார நிறுவனத்தின் முதியோர் பராமரிப்பு வழிகாட்டி 14 செக்கன் என்கிறது. தசை இழப்புக்கான ஆசியக் குழு 2019 இல் 12 செக்கன் என்றது. நடைக்கு ஐரோப்பியக் குழு செக்கனுக்கு 0.8 மீற்றர் என்கிறது, ஆசியக் குழு 2019 இல் 1.0 என்றது, அதாவது நாலு மீற்றருக்கு ஐந்து செக்கனா நாலு செக்கனா என்ற வித்தியாசம். கைப்பிடிக்கு ஆசியக் குழுவின் 2019 எல்லை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18. இது ஐரோப்பிய எல்லையை விடக் கூட! காரணம், அந்த எண்கள் பெரும்பாலும் கிழக்காசியத் தரவிலிருந்து வந்தவை. தெற்காசியர்களின் கைப்பிடி வலு சராசரியாகக் குறைவு என்று பல நாட்டு ஒப்பீடு காட்டியிருக்கிறது. அந்த 28 கிலோவை அப்படியே இங்கே கொண்டுவந்தால் மிகப் பலரை நலிந்தவர் என்று முத்திரை குத்திவிடுவோம். ஃபிரீட் குழுவினரோ தங்கள் ஆய்வில் இருந்தவர்களிலேயே கடைசி 20 சதவீதத்தை எல்லையாக எடுத்தார்கள். அவர்கள் 65 வயதில் தொடங்கினார்கள்; நாங்கள் முதியோர் அடையாள அட்டை கொடுக்கிற அறுபதில் தொடங்குகிறோம். ஆக, வயதும் ஆட்களும் வேறு.

அப்புறம், புள்ளிகளைக் கூட்டுவது. இதைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இருபது கேள்விகளுக்கும் தலா ஒரு புள்ளி என்றால், ஒரு வருடத்தில் ஆறு கிலோ குறைந்ததும் கண்பார்வை கொஞ்சம் மங்கியதும் ஒரே எடையுள்ள விடயங்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அது சரியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். படிவம் செய்கிற பலர் உடனே குரொன்பாக் ஆல்பா (கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) கணக்கிட்டு, 0.7 க்கு மேல் வந்தால் நல்ல படிவம் என்று எழுதிவிடுகிறார்கள். எல்லாக் கேள்விகளும் ஒரே அடிப்படை நிலையின் வெளிப்பாடுகளாக இருந்தால்தான் அந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு. எடை குறைவு, வருத்தங்கள், உழைப்பின்மை போன்றவை நலிவை உண்டாக்குகிற காரணங்களும் கூட. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை. ஆல்பா குறைவாக வந்தது என்று எடை பற்றிய கேள்வியை நீக்கினால் படிவத்தின் உயிரையே நீக்கியதாகிவிடும். கேள்விகளைச் சேர்ப்பதும் நீக்கும் முடிவும் ஒரு புள்ளிவிபரவியலாளரோடு இருந்து பேசி எடுக்க வேண்டியவை. நான் முன்னால் சொன்ன எல்லை இதுதான்.

கணக்குக்குப் போக முதல் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதை எல்லோரும் அவசரமாகக் கடந்துபோகிறார்கள். பத்துப் பதினைந்து முதியவர்களோடு ஒவ்வொருவராக உட்கார்ந்து, கேள்வியைக் கேட்டு, பதில் வந்ததும் "நான் கேட்டது உங்களுக்கு என்னவென்று விளங்கியது? இந்தப் பதிலை எப்படி யோசித்தீர்கள்?" என்று கேளுங்கள். கொழும்பில் தமிழ் பேசுகிற முதியவர் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், மலையகத்திலிருந்து வந்தவர், மட்டக்களப்பார், முஸ்லிம்கள், இங்கேயே தலைமுறையாக இருப்பவர்கள் எல்லோரும் அடக்கம். ஒரே வகைப் பேச்சுக்காரரோடு மட்டும் சோதித்துவிட்டு முடித்துவிடக் கூடாது. கேள்விகள் நலிவைச் சரியாகத் தொடுகின்றனவா என்று வைத்தியர், பிசியோதெரபிஸ்ட், தாதி, முதியோரைப் பராமரிக்கிறவர் என ஐந்தாறு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். தனித்தனியாக என்பது முக்கியம். ஒரே மேசையில் இருந்தால் பெரிய வைத்தியர் சொன்னதே எல்லோருடைய கருத்தாகிவிடும்.

அதன் பிறகு இரண்டு விடயங்களைக் காட்ட வேண்டும். ஒன்று, நம்பகம்: இரண்டு தொண்டர்கள் ஒரே முதியவரைத் தனித்தனியாக அளந்தால் ஒரே முடிவு வருகிறதா, ஒரே தொண்டர் ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்துத் திரும்ப அளந்தால் அதே முடிவு வருகிறதா. ஐம்பது பேரிலாவது இதைச் செய்யுங்கள். இதில் தோற்கிற படிவத்தை மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை. இரண்டாவது, அது உண்மையிலேயே நலிவைத்தான் அளக்கிறதா என்பது. இரத்தத்தில் சீனியை அளப்பது போல நலிவுக்கு ஒரு இறுதிப் பரிசோதனை கிடையாது, ஆகவே வேறொரு ஏற்கப்பட்ட அளவுகோலோடுதான் ஒப்பிட முடியும். அதைவிட வலுவான சாட்சி காலம்தான். ஒரு வருடம் தொடர்ந்து மூன்று மாதத்துக்கு ஒருதரம் போன் எடுத்து, விழுந்தீர்களா, ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா, வெளியே போய்வருகிறீர்களா என்று கேளுங்கள். உங்கள் படிவம் நலிந்தவர் என்று சொன்னவர்களுக்கு இவை கூடுதலாக நடந்திருந்தால், கோடு போட உங்களுக்கு உரிமை வருகிறது.

இப்போது உங்கள் எண்ணுக்கு வருவோம். கேகாலை மாவட்டத்தின் கிராமப்புறத்தில் ஃபிரீட் முறையால் செய்து 2019 இல் வெளியான ஓர் ஆய்வில், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 15 சதவீதம் பேர் நலிந்திருந்தார்கள். கொழும்பு கேகாலை அல்ல, இருந்தாலும் கணக்குக்காக அதை எடுப்போம். உங்கள் சங்கத்தில் 200 பேர் என்றால் 30 பேர் நலிந்தவர்கள். நீங்கள் தெரிந்தெடுத்த எல்லை, நலிந்தவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது, நலியாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விடுகிறது என்று வையுங்கள், நல்ல படிவம்தான். முப்பதில் 24 பேர் பிடிபடுவார்கள், 6 பேர் தவறிப்போவார்கள். மீதி 170 பேரில் 34 பேர் தவறாகப் பிடிபடுவார்கள். ஆக உங்கள் பட்டியலில் 58 பேர், அதில் உண்மையாக நலிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. எல்லையை இறக்கினால் தவறிப்போகிறவர்கள் குறைவார்கள், தவறான பெயர்கள் கூடும். ஏற்றினால் மறுபக்கம். எது சரி என்பது பட்டியலில் வருகிறவருக்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாரத்தில் இரண்டு நாள் உடற்பயிற்சி வகுப்புக்கு அழைப்பது என்றால் தவறாக வந்த 34 பேருக்கும் நட்டமில்லை, கோட்டைத் தாராளமாக இறக்கிப் போடலாம். ஒருவரின் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடவோ, தனியாக இருக்க விடாமல் தடுக்கவோ அந்தப் பட்டியல் பயன்படும் என்றால் எட்டும் வேண்டாம் பத்தும் வேண்டாம், அந்த முடிவு உங்கள் படிவத்தின் வேலையே இல்லை.

கண்டுபிடித்த பிறகு செய்ய ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். 1994 இல் வெளியான ஒரு பரிசோதனையில், பராமரிப்பு இல்லத்தில் இருந்த, சராசரி 87 வயதுடைய நூறு பேரில், பாரம் தூக்கிப் பயிற்சி செய்தவர்களின் கால் வலு பத்தே வாரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. 2014 இல் வெளியான இன்னொன்றில், 70 முதல் 89 வயது வரையான 1,635 பேரில், முறையான உடற்பயிற்சி நடமாட்டத்தை இழக்கும் ஆபத்தைத் தெளிவாகக் குறைத்தது. பயிற்சியோடு சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். தனியாக இருக்கிற பலர் இரவில் தேத்தண்ணியும் பிஸ்கட்டுமாக முடித்துவிடுகிறார்கள். முட்டை, மீன், பருப்பு, பால் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்க வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர் மட்டும் வைத்தியரிடம் கேட்டுச் செய்யட்டும். எடை குறைந்தவரையும் களைப்பு என்பவரையும் நேரே உடற்பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். இரத்தச்சோகை, தைரொயிட், காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, பொருந்தாத பல்செட் என்று திருத்தக்கூடிய காரணங்கள் பல இருக்கும். முதலில் வைத்தியர் பார்க்க வேண்டும். மறதி பற்றிய உங்கள் இரண்டு கேள்விகளைப் பற்றி நான் கருத்துச் சொல்லவில்லை, அது என் துறை இல்லை.

அனுமதி பற்றியும் ஒரு வார்த்தை. சங்கத்தின் சேவையாக மட்டும் செய்தால் ஒரு விதம். முடிவுகளைக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் சிறிதளவாவது இருந்தால், முதல் ஆளிடம் கேள்வி கேட்க முன்னரே ஒரு பல்கலைக்கழக ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். பின்னால் வாங்க முடியாது. சம்மதம் தர வேண்டியவர் முதியவர், மகன் அல்ல. புள்ளி யாருக்குச் சொல்லப்படும் என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும். பெயரும் வருத்தமும் எழுதிய தாள்களைப் பூட்டி வையுங்கள், வட்ஸ்அப் குழுவில் படமெடுத்துப் போடாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது. இருபது கேள்விகளையும் ஒதுக்கிவிட்டு, ஃபிரெயில் ஐந்து கேள்விகளைக் கொழும்புக்கு ஏற்றபடி எழுதி, அவற்றோடு ஐந்து தர எழும்புதலையும் நாலு மீற்றர் நடையையும் சேர்ப்பேன். ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். இரண்டு தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து முதல் ஐம்பது பேரை இரண்டு பேரும் தனித்தனியாக அளக்க வைப்பேன். ஐந்து கேள்விகளில் மூன்று அல்லது அதற்கு மேல் புள்ளி வந்தவரையும், கதிரையிலிருந்து 14 செக்கனுக்குள் ஐந்து தரம் எழ முடியாதவரையும் தற்காலிகமாக ஒரு பட்டியலில் வைத்து, வைத்தியரைப் பார்க்கவும் பயிற்சி வகுப்புக்கும் அனுப்புவேன். "நலிந்தவர்" என்ற சொல்லை ஒரு வருடத் தொடர்பு முடியும்வரை யாருடைய தாளிலும் எழுதமாட்டேன். ஐம்பது பேர் முடிந்ததும், பெயர்களை நீக்கிவிட்டு எண்களை இங்கே போடுங்கள். இரண்டு தொண்டர்களும் எங்கே எங்கே மாறுபட்டார்கள் என்று வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.